பழைய காரின் உள்பக்கத்தைப் புதுசாக்காமல் காப்பாற்றுவது எப்படி

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் எனக்குக் குஷன் கடை. சோபா, மோட்டார் சைக்கிள் சீட்டு, வேன் சீட்டு என்று எது வந்தாலும் தைப்போம். ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை என்றால், இதுவரை யாரும் பிரித்துத் தைக்காத பழைய காரில் செய்கிற வேலைதான். தொழிற்சாலையில் போட்ட அதே லெதர், அதே நூல், அதே கூரைத் துணி. மோரிஸ் மைனர், ஆஸ்டின், பீட்டில், பழைய பென்ஸ் என்று இப்படிப்பட்ட கார்கள் பினாங்கில் இன்னும் பல வீட்டுப் போர்ச்சில் நிற்கின்றன. தாத்தா வாங்கி, அப்பா ஓட்டி, இப்போது பேரன் கைக்கு வந்தவை. பேரன் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "அங்கள், உள்ள எல்லாத்தையும் புதுசா போட்டுடலாமா?"

போட்டுத் தரலாம். எனக்கு வருமானமும் அதில்தான் அதிகம். இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெயிண்டு போனால் மறுபடி அடிக்கலாம், எஞ்சினைப் பிரித்து மாட்டலாம். அறுபது வருடமாக ஒரு குடும்பமே உட்கார்ந்து எழுந்து மெருகேறிய சீட்டை ஒரு தடவை உரித்துப் போட்டால் போனது போனதுதான். என் தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது என் தையல், அந்தக் காரோடு பிறந்த தையல் ஆகாது. பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா 2012-இல் ஏற்றுக்கொண்ட டுரின் சாசனமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. இருப்பதை முடிந்தவரை இருக்கிறபடியே வை, தேவையானதை மட்டும் செய், செய்ததை எழுதி வை என்பது அதன் சாரம்.

இதைச் செய்ய நிறையப் பணம் வேண்டாம், பொறுமையும் சரியான வரிசையும் வேண்டும். முதலில் தண்ணீரை நிறுத்த வேண்டும். அப்புறம் காற்றைச் சரிசெய்ய வேண்டும். அதன் பிறகுதான் சுத்தம், கடைசியில்தான் ஊசி. பலர் பாலிஷ் பாட்டிலோடு ஆரம்பிக்கிறார்கள். அடுத்த மழைக்கே எல்லாம் வீணாகிவிடும்.

முதலில் தண்ணீர்

பழைய காருக்குள் தண்ணீர் வராத மாதிரி தெரிந்தாலும் நம்ப வேண்டாம். கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்திருக்கும், அதற்கு அடியில் இருக்கும் சணல் அட்டை மாதக்கணக்கில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கும். அங்கிருந்து ஏறும் ஈரம்தான் சீட்டு வரைக்கும் போகிறது, கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் அட்டையை உப்ப வைக்கிறது, தரைத் தகட்டைத் துருவாக்குகிறது. ஆகவே கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். கார்பெட், மேட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தரையைத் துடைத்துக் காய வையுங்கள். முன் கண்ணாடி ரப்பரின் உள்விளிம்பு, கதவின் அடிப்பக்கம், பெடல் கம்பிகள் நுழைகிற இடம், பூட் (டிக்கி) ஓரம் ஆகியவற்றில் டால்கம் பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஒருவர் டார்ச் லைட்டோடு உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ளட்டும். வெளியே இருப்பவர் குழாயில் தண்ணீரைச் சன்னமாகத் திறந்து, காரின் கீழ்ப்பக்கத்தில் தொடங்கி மெதுவாக மேலே ஏற்றிக்கொண்டு போக வேண்டும். மேலே இருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும், எந்த இடம் குற்றவாளி என்று சொல்லவே முடியாது. பவுடரில் கோடு விழுந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்து முக்கால்வாசி நேரம் முன் கண்ணாடி ரப்பரின் கீழ் மூலைகள்தான் காரணம். அடுத்தது கதவு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியில் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அந்த ஓட்டைகளில் மண்ணும் இலைத் தூளும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி அட்டையை ஊற வைக்கும். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி அந்த ஓட்டைகளைக் குத்திவிடுங்கள், அவ்வளவுதான் வேலை.

கண்ணாடி ரப்பரை மாற்றுவதில் எனக்குத் தயக்கமே இல்லை. ரப்பர் வீணாவதற்கென்றே உள்ள பொருள். அதைக் காப்பாற்றப் போய் லெதரைப் பறிகொடுக்க வேண்டாம். ஆனால் காய்ந்த ரப்பரின் மேலேயே சிலிக்கானைப் பூசி அடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதை மட்டும் செய்யாதீர்கள். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீட்டுச் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே இருந்தபடியே செங்கல்லைத் தின்னும். சிலிக்கானுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட தண்ணீரும் கண்ணாடிச் சட்டத்தை அப்படித்தான் தின்னும்.

காற்றுக்கும் நேரம் உண்டு

ஈரப்பதமானி ஒன்று வாங்கிக் காருக்குள் வையுங்கள். கடிகாரம் மாதிரி சின்னதாகக் கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சணம் வளரும். பினாங்கில் விடியற்காலையில் அது 90-ஐத் தாண்டுவது சாதாரணம். வெயில் அடிக்கிற நாளில் மதியம் 1 மணியிலிருந்து 3 மணிக்குள்தான் நன்றாக இறங்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் மற்றது சுலபம். காற்றோட்டம் வேண்டும் என்று ராத்திரி கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பவர்கள் உண்டு. அது ஊரில் உள்ள ஈரத்தை எல்லாம் வா என்று கூப்பிடுகிற மாதிரி. ராத்திரி எல்லாவற்றையும் சாத்துங்கள். வெயில் நாள் மதியத்தில், நிழலில் நிறுத்தி, எல்லாக் கதவையும் விரியத் திறந்துவிட்டு, முடிந்தால் ஒரு மேசை விசிறியையும் வையுங்கள். சாயங்காலம் ஆவதற்குள் மூடிவிடுங்கள். மழை பிடித்துக்கொள்ளும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வெயில் கிடைக்கிற மதியத்தை விடவே விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவை கொடிமலை (பினாங்கு ஹில்) அடிவாரம் வரைக்காவது ஓட்டிவிட்டு வருவது எல்லாவற்றையும்விட நல்லது. காரும் சூடாகும், உள்ளே காற்றும் புரளும்.

மூடிய காருக்குள் சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்கினால், நிறம் மாறியதும் பழைய ஓவன் ஒன்றில் 120 டிகிரியில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். துணிப்பையில் கட்டி வையுங்கள். சூப்பர்மார்க்கெட்டில் அலமாரிக்கு விற்கும் ஈரமுறிஞ்சி டப்பாவைக் காரில் வைக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுக்க இழுக்க அது உப்புத் தண்ணீராக மாறி டப்பாவின் அடியில் சேரும். ஒரு திருப்பத்தில் அது கவிழ்ந்தால் கார்பெட்டும் தகடும் லெதரும் ஒரேயடியாகப் போய்விடும். கார்பெட்டில் இறங்கிய அந்த உப்பு பிறகு எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

மூடி வைக்கும் உறை பருத்தியாகவோ மூச்சு விடும் துணியாகவோ இருக்கட்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். மழையில் நனைந்த காரை அப்படியே மூடவும் வேண்டாம்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயிலில் மூடி நிற்கிற காரின் டாஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டிச் சுடும். வினைல் மெத்தென்று இருப்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஒரு குழைவுப் பொருள். சூடு ஏற ஏற அது மெல்ல வெளியே கசிந்துவிடும். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பூச்சு போலப் படிகிறதே, அதில் ஒரு பங்கு அதுதான். போனதைத் திரும்ப ஏற்ற எந்தப் பாட்டிலாலும் முடியாது, இனிப் போகாமல் தடுக்கத்தான் முடியும். மேற்கு வெயில் விழும் போர்ச்சாக இருந்தால் காரின் மூக்கை மறுபக்கம் திருப்பி நிறுத்துங்கள். சீட்டின் மேலும் பின் ஜன்னல் தட்டின் மேலும் பழைய வெள்ளை வேட்டியை விரித்து வைப்பதுதான் என் வழக்கம். பருத்தி மூச்சு விடும், சாயம் இறங்காது, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

பூஞ்சணம் பிடித்திருந்தால்

வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்திருப்பதைப் பார்த்ததும் ஈரத் துணியை எடுக்காதீர்கள். ஈரத்தோடு தேய்த்தால் அதன் வித்துகளை லெதரின் துளைகளுக்குள் நாமே திணித்துவிடுவோம். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், என்95 வகையாக இருக்கட்டும். காரை வெளியே நிழலுக்குக் கொண்டுவந்து கதவுகளைத் திறந்து நன்றாக உலர விடுங்கள். காய்ந்த பூஞ்சணம் தூளாக உதிரும். மென்மையான பெயிண்டு பிரஷ்ஷால் அதை வேக்குவம் குழாயின் வாய்க்கு நேராக மெல்லத் தள்ளிவிடுங்கள். ஹெப்பா ஃபில்டர் உள்ள வேக்குவமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிடித்த பூஞ்சணமே பின்பக்கம் வழியாகத் திரும்ப வெளியே வரும்.

வினைலையும் உலோகத்தையும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சால் துடைக்கலாம். ஃபார்மசியில் கிடைக்கும். லெதரில் அதைப் பயன்படுத்தும் முன் சீட்டின் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆல்கஹால் பழைய லெதரின் மேல்பூச்சைக் கரைக்கும்.

வாடையைப் போக்கச் சாம்பிராணி போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு நல்லது. காருக்குள் அந்தப் புகை பிசினாகக் கூரைத் துணியில் படிந்து பழுப்பாகும், அதை எடுக்கவே முடியாது. பூஞ்சணமும் ஈரமும் போனால் வாடை தானாகக் குறையும். கொஞ்சம் மிச்சம் இருக்கும். இருக்கட்டும், அது பழைய கார்.

துடைப்பதும், எதைப் பூசக்கூடாது என்பதும்

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் உட்காருகிற பக்கம் மட்டும்தான் லெதர். சீட்டின் பக்கவாட்டும் முதுகும் அதே நிறத்தில் வினைல். தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. கிட்டே போய்ப் பாருங்கள். லெதரின் மடிப்புகள் ஒன்றுபோல இன்னொன்று இருக்காது, வினைலின் புள்ளிகள் வரிசை மாறாமல் ஒரே அச்சில் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும் என்பதால் இதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய முதலில் வேக்குவம். தையல் ஓரங்களில் மணல் தங்கியிருக்கும். உட்கார்ந்து எழும்போதெல்லாம் அந்த மணல்தான் நூலை அறுக்கிறது. அப்புறம் காய்ந்த பருத்தித் துணி. அதற்கும் போகாத அழுக்குக்கு காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான, காரம் இல்லாத சோப்பைக் கலந்து, துணியை நனைத்து, பிழிந்து, இன்னொரு தடவை பிழிந்து, உள்ளங்கை அகலம் மட்டும் துடையுங்கள். உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு அடுத்த உள்ளங்கை அகலம். துணி கொஞ்சம் பழுப்பாகும். அதோடு நிறுத்துங்கள். வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்த்துக்கொண்டிருந்தால் கடைசியில் வருவது அழுக்காக இருக்காது, லெதரின் நிறமாக இருக்கும்.

இனி எண்ணெய் விஷயம். நம் வீடுகளில் வெடிப்புக்கும் வறட்சிக்கும் தேங்காய் எண்ணெய்தான் முதல் மருந்து. சீட்டு வெடித்திருப்பதைப் பார்த்ததும் பெரியவர்கள் கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும். தயவுசெய்து வேண்டாம். எண்ணெய் லெதரைக் கறுக்க வைக்கும், தூசியைப் பிடித்துவைக்கும், நாளானால் சிக்கு வாடை அடிக்கும், நம் ஈரத்தில் பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகவும் ஆகும். மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய்க்கும் இதேதான். விலை உயர்ந்த லெதர் கிரீம்கள்கூடப் பழைய கார் லெதருக்குள் அதிகம் இறங்குவதில்லை. அந்தக் காலத்துக் கார் லெதரின் மேல் பெயிண்டு மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கிரீம் பெரும்பாலும் அதன் மேலேயே நின்றுவிடும். வெடிப்பு வழியாக இறங்கினால் உள்ளே இருக்கும் நூலையும் நாரையும் ஊறப் போடும். வெடிப்பு வெடிப்பாகவே இருக்கட்டும். ஈரமும் சூடும் கட்டுப்பட்டால் அது பெரிதாவது குறையும்.

டாஷ்போர்டைப் பளபளப்பாக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான். கார் கழுவுகிற இடத்தில் கேட்காமலே அடித்துவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரும்பாலானவற்றில் சிலிக்கான் இருக்கும். அது படிந்த இடத்தில் பின்னால் பசையோ சாயமோ ஒட்டவே ஒட்டாது. அப்படிப்பட்ட சீட்டு என் கடைக்கு வந்தால், சின்னக் கிழிசலை ஒட்டுவதுகூடப் பெரிய பாடாகிவிடுகிறது.

ஊசி பிடிக்கும் நேரம்

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் மோரிஸ் மைனர் 1000-ஐக் கடைக்குக் கொண்டுவந்தார். சிவப்பு லெதர். ஓட்டுநர் சீட்டில் கதவுப் பக்கத்து ஓரம் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்து உள்ளே இருந்த பஞ்சு தெரிந்தது. காருக்குள் ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு உரசுகிற இடம் அது, எல்லாப் பழைய காரிலும் முதலில் பிரிவது அங்கேதான். கூட வந்த மகன், "அந்தப் பேனலை மட்டுமாவது மாத்திடுங்க அங்கள், பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு" என்றார். நான் வாத்தியாரைக் கூப்பிட்டு, "சார், இங்க பாருங்க" என்று பிரிந்த விளிம்பை விரலால் விரித்துக் காட்டினேன். லெதர் கிழியவே இல்லை. நூல்தான் மக்கிப் போயிருந்தது. ஊசி போன பழைய துளைகள் ஒன்றுகூடச் சிதையாமல் வரிசையாக நின்றன. அதைப் பார்த்த பிறகு மகனும் பேனலைப் பற்றிப் பேசவில்லை.

இந்த மாதிரி பிரிசலை நீங்களே தைக்கலாம். பிறை மாதிரி வளைந்த ஊசி ஒன்று, மெழுகு தடவிய பாலியெஸ்டர் நூல், ஒரு விரல் அகலப் பருத்தி நாடா போதும். நூலின் நிறத்தைப் பார்க்க, சீட்டின் அடியில் மறைந்திருக்கும் புது நிறத்தோடு ஒப்பிடாதீர்கள், வெளியே மங்கிப்போன நிறத்தோடு ஒப்பிடுங்கள். பருமன் பழைய நூலின் பருமனாகவே இருக்க வேண்டும். பாலியெஸ்டர் பலமானது என்று மெல்லிய நூலாக எடுத்தால் அது காலப்போக்கில் லெதரையே அறுத்துவிடும். நாடாவைப் பிரிசலின் உள்பக்கம் நுழைத்துத் தட்டையாக வையுங்கள், இழுவை எல்லாம் அதன் மேல் விழட்டும். பிரிந்த இடத்துக்கு இரண்டு தையல் முன்னால், நல்ல தையலின் மேலேயே தொடங்குங்கள். ஊசி பழைய துளையில்தான் இறங்க வேண்டும், பழைய துளையில்தான் ஏற வேண்டும். புதுத் துளை ஒன்று போட்டாலும் அந்த வரிசை தபால்தலை ஓரம் போலக் கிழிய ஆரம்பிக்கும். ஒவ்வொரு தையலையும் விளிம்புகள் தொடும் அளவுக்கு மட்டும் இழுங்கள். இறுக்கிக் கட்டுகிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பைப்பிங்கின் (சீட்டு ஓரத்தில் கயிறு போல உருண்டு நிற்கும் விளிம்பின்) வளைவு வந்ததும் ஒரு தையல் போட்டுவிட்டு, சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்து, அடுத்த தையலுக்குப் போங்கள். முடிச்சு உள்பக்கம் போகட்டும்.

லெதரே கிழிந்திருந்தால் உள்பக்கம் மெல்லிய லெதர் துண்டையோ லினன் துணியையோ வைத்து, வளைந்து கொடுக்கும் பசையால் ஒட்டி, விளிம்புகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து மேலே லேசான பாரம் வையுங்கள். சூப்பர் க்ளூ கண்ணாடி மாதிரி இறுகி, பக்கத்திலேயே இன்னொரு கிழிசலை உண்டாக்கும். அதைத் தொடவே வேண்டாம்.

சீட்டுக்கு அடியில் பழுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் உள்ளே இருக்கும் மெத்தை உதிர்கிறது. பீட்டிலிலும் பழைய பென்ஸிலும் ரப்பர் பால் கலந்து அழுத்திய தேங்காய் நார்தான் மெத்தை. ஜெர்மன் காரின் வயிற்றில் தேங்காய் நார் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். நார் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஸ்பிரிங் அதை நேராகக் குத்துவதுதான். முழு மெத்தையையும் மாற்ற வேண்டியதில்லை. சீட்டைக் கழற்றிக் கவிழ்த்து, மேலுறையைப் பிடித்திருக்கும் அடிப்பக்கத்து வளையங்களை மட்டும் திறந்து, ஸ்பிரிங்குக்கும் நாருக்கும் நடுவில் புதுச் சாக்குத் துணியும் அதன் மேல் ஓர் அடுக்குப் பருத்திப் பஞ்சும் வைத்து மூடிவிடுங்கள். மேலுறையில் ஒரு தையலைக்கூடப் பிரிக்காமல் சீட்டு நிமிர்ந்துவிடும்.

கூரைத் துணி, கார்பெட், கதவு அட்டை

கூரைத் துணியை நனைக்காதீர்கள். துணி சுருங்கும், தையல் வாயைப் பிளக்கும், அதோடு ஓரத்தில் ஒட்டியிருக்கும் பழைய பசையும் கரைந்து கறையாக இறங்கும். வேக்குவம் குழாயின் வாயில் நைலான் கொசுவலைத் துண்டைக் கட்டி, இழுவையைக் குறைத்து, துணியைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள். கறை அப்படியே இருந்தாலும் பரவாயில்லை. கம்பி வளைவிலிருந்து துணி கழன்று தொங்கினால் அந்த இடத்தில் மட்டும் நாலு தையல் போட்டால் போதும்.

கார்பெட்டையும் அடிச் சணலையும் தனித்தனியாக எடுத்து நிழலில் படுக்கை வசமாகக் காய வையுங்கள். சணலைத் தண்ணீரில் அலசினால் பழுப்புச் சாறு இறங்கி எல்லாவற்றிலும் ஏறும். மக்கிப்போன சணலை மாற்றலாம், யார் கண்ணிலும் படாத இடம் அது. ஆனால் பழையதை வைத்துப் புதியதை அளவெடுத்து வெட்டிய பிறகே பழையதை ஓரமாக வையுங்கள்.

கதவு அட்டையைக் கழற்றும்போது அகலமான தட்டைக் கரண்டி மாதிரி ஒன்றைக் கிளிப்புக்குப் பக்கத்திலேயே நுழைத்து நெம்ப வேண்டும். தூரத்தில் நெம்பினால் அட்டை மடங்கி உடையும். உப்பிய அட்டையை உலரவிட்டு, சமமான பலகைக்கு நடுவே பாரம் வைத்துச் சில நாள் விடுங்கள். திரும்ப மாட்டும் முன் கதவுத் தகட்டின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தாள் ஒன்றை ஒட்டி, அதன் அடி விளிம்பைக் கதவுக்குள் விட்டுவிடுங்கள். வழிகிற தண்ணீர் உள்பக்கமாகவே போய் அடியில் உள்ள ஓட்டை வழியாக வெளியேறும். இந்தத் தாள் இல்லாத பழைய கார்கள் நிறைய. முதலில் இருந்திருக்கும், பிறகு எப்போதோ கிழித்து எறியப்பட்டிருக்கும்.

கரப்பான், எலி, கரையான்

கரப்பானுக்கும் எலிக்கும் காரில் வேண்டியதெல்லாம் இருக்கிறது: பசை, பஞ்சு, இருட்டு. காருக்குள் சாப்பிடாதீர்கள், அதுதான் பாதி வேலை. இங்கே டாக்சிக்காரர்கள் கரப்பானுக்காகச் சீட்டுக்கு அடியில் பாண்டான் இலையைக் கட்டி வைப்பார்கள். தினம் ஓடும் காரில் வாசனையாக இருக்கும், வாடியதும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். மூடியே நிற்கும் காரில் பச்சை இலை என்பது ஈரம், வேண்டாம். பாச்சை உருண்டையும் வேண்டாம், அந்த நெடி மெத்தைக்குள் இறங்கினால் வருடக்கணக்கில் போகாது, சிலவகைப் பிளாஸ்டிக்கையும் அது இளக்கும். பசைப்பொறியைத் தரையில், கார்பெட்டில் ஒட்டாதபடி தட்டில் வைத்து, அடிக்கடி பாருங்கள். மோரிஸ் டிராவலர் வைத்திருப்பவர்கள் அதன் மரச்சட்டத்தை மாதம் ஒருமுறை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கரையான் புகுந்த மரம் பொள்ளென்று சத்தம் கொடுக்கும்.

குங்குமமும் சந்தனமும்

நம்மவர்கள் கார்களில் மட்டும் வருகிற கேள்வி இது. வண்டி வாங்கிய அன்று கோயிலில் பூஜை போட்டு, ஐயர் டாஷ்போர்டில் வைத்த சந்தனப் பொட்டின் தடம் இன்னும் இருக்கும். அதைத் துடைக்கலாமா என்று கேட்பார்கள். நான் துடைக்க மாட்டேன். தொழிற்சாலை லெதரைப் போல அதுவும் அந்தக் காரோடு சேர்ந்ததுதான். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ரோட் டாக்ஸ் வில்லையையும் அப்படித்தான் விட்டுவைப்பேன். ஆனால் இனிமேல் வைக்கிற பொட்டைக் கண்ணாடியிலோ வெளித் தகட்டிலோ வையுங்கள். இப்போது விற்கும் குங்குமம் பலவற்றில் செயற்கைச் சாயம், வினைலில் இறங்கினால் போகாது. பூச்சரத்தைக் கண்ணாடியில் மாட்டினால் அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள்.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடம்

ரப்பர், சணல் போக இன்னும் இரண்டு விஷயத்தில் நான் பழையதின் பக்கம் நிற்க மாட்டேன். ஒன்று, சீட் பெல்ட். வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்த பட்டை பார்க்க நன்றாக இருந்தாலும் இழுவையில் தாங்காது. ஆட்களை ஏற்றி ஓட்டுகிற காரில் புதுசு போடுங்கள். இன்னொன்று, டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர். உறை பொடிந்து செம்பு தெரிந்தால் ஒயரிங்காரரிடம் சொல்லி மாற்றிவிடுங்கள். தீப்பிடித்தால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. சின்னத் தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கழற்றிய பெல்ட், பழைய ரப்பர், மக்கிய நூல் துண்டு, உடைந்த கிளிப்பு எதையும் எறிய வேண்டாம். துணிப்பையிலோ காகித உறையிலோ போட்டு, எந்த இடத்திலிருந்து எப்போது எடுத்தது என்று எழுதி, வீட்டுக்குள் உலர்ந்த அலமாரியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப்போகும். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தீர்கள், என்ன நூல், என்ன பசை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அதைக் காரின் கிராண்ட்டோடு (பதிவுப் பத்திரத்தோடு) சேர்த்தே வையுங்கள். அடுத்து அந்தச் சீட்டைத் திறக்கிற குஷன்காரருக்கு அது தேவைப்படும்.